ஒரு நகராட்சித் தீர்மானமும் நூற்றெட்டுக் குடங்களும்

கிழக்கே சஹ்யாத்ரி மலை, மேற்கே அரபிக்கடல். நடுவில் சாவித்திரி ஆற்றங்கரையில் இருக்கிற சிறிய வணிக ஊர் மஹாட். சிவாஜி முடிசூட்டிக்கொண்ட ராய்கட் கோட்டை அங்கிருந்து அதிக தூரமில்லை. 1920களில் அந்த ஊர் பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில் இருந்தது. அதற்கென்று ஒரு நகராட்சியும் இருந்தது. தெரு, சாக்கடை, விளக்கு, தண்ணீர் என்று எல்லா நகராட்சிகளுக்கும் உள்ள தலைவலிகள்தான் அதற்கும். அந்த மன்றம் 1924 ஜனவரியில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது: ஊருக்கு நடுவே இருக்கும் சவ்தார் குளத்தைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம்.

இதற்கு ஒரு பைசா செலவில்லை. குளம் வெட்ட வேண்டாம், படித்துறை கட்ட வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். இருக்கிற தண்ணீரை இருக்கிற மக்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினார்கள். அடுத்த மூன்று ஆண்டுகள் அந்த வரி நகராட்சி அலுவலகத்தைத் தாண்டவில்லை.

தீர்மானம் மஹாட்டில் தானாக முளைத்ததல்ல. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் சீதாராம் கேசவ் போலே கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட, அல்லது பொதுப்பணத்தில் பராமரிக்கப்படுகிற நீர்நிலைகள், கிணறுகள், தர்மசாலைகள், பள்ளிகள், நீதிமன்றங்கள், மருத்துவமனைகள் எல்லாவற்றையும் ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஊர் மன்றங்கள் அசைந்து கொடுக்கவில்லை. 1926-இல் போலே மறுபடி எழுந்தார். இதைச் செயல்படுத்த மறுக்கும் நகராட்சிகளுக்கு அரசு மானியம் தரக்கூடாது என்று இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். சீர்திருத்தத்தை மானியத்தோடு முடிச்சுப்போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே முதல் தீர்மானத்தின் கதி தெரியும்.

இங்கேதான் சமயம் சார்ந்த ஒரு கேள்வி வருகிறது. தீட்டு, சுத்தம் என்பவை நம்பிக்கையின் எல்லைக்குள் வருபவை என்றால், பத்துப் பதினைந்து உறுப்பினர்கள் கைதூக்கி அதை மாற்ற முடியுமா? சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் வாக்கெடுக்கிற மன்றத்துக்குத் தண்ணீரின் புனிதத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி?

சீர்திருத்தக்காரர்களில் பலர் அன்று சொன்ன பதில் எளிமையானது. குளம் நகராட்சியின் சொத்து, சமயத்துக்கு இதில் வேலையில்லை, வரிப்பணம் எல்லோருடையது, ஆகவே தண்ணீரும் எல்லோருடையது. வைதீகர்களின் பதில் இன்னும் எளிமையானது. தண்ணீர் வெறும் சொத்தல்ல. அதில் நீராடி, அதை எடுத்துத்தான் பூஜை செய்கிறோம், வாக்கெடுப்பு அதைத் தொடாது. ஒருவர் சமயத்தை வெளியே நிறுத்தினார், மற்றவர் நகராட்சியை வெளியே நிறுத்தினார். சவ்தார் குளத்தில் பிறகு நடந்ததைப் பார்த்தால் இரண்டு பதிலுமே பாதிக்கேள்வியைத்தான் தொட்டன என்று தோன்றும்.

குளத்தை முதலில் பார்க்க வேண்டும். மழைநீரும் ஊற்றுநீரும் சேர்ந்து நிரம்பும் பெரிய நீர்நிலை அது. சுற்றிலும் மேல்சாதியினரின் வீடுகள். முஸ்லிம்கள் அந்தத் தண்ணீரை எடுத்தார்கள், கிறிஸ்தவர்கள் எடுத்தார்கள். ஆடுமாடுகள் இறங்கிக் குடித்தன. இதில் எதற்கும் யாரும் பரிகாரம் செய்ததில்லை. ஒரே ஒரு பிரிவு மக்கள் மட்டும் இறங்கக்கூடாது. 1927 மார்ச் 19, 20 தேதிகளில் கொலாபா மாவட்ட ஒடுக்கப்பட்டோர் மாநாடு மஹாட்டில் கூடியபோது, வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று நாற்பது ரூபாய்க்குத் தண்ணீரை மேல்சாதியினரிடம் விலைகொடுத்து வாங்கினார்கள். நகராட்சி தீர்மானம் போட்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, திறந்துவிட்டதாக எழுதிவைக்கப்பட்ட குளம் கண்ணுக்கெதிரே இருக்கும்போது.

மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கர் தலைமை தாங்கினார். அதை ஊரில் ஏற்பாடு செய்ததில் ராமச்சந்திர பாபாஜி மோரேயின் பங்கு பெரியது. நகராட்சித் தலைவர் சுரேந்திரநாத் திப்னிஸ், அனந்தராவ் சித்ரே போன்ற மேல்சாதி நண்பர்களும் உடன் நின்றார்கள். மார்ச் 20 அன்று மாநாட்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நடந்து சவ்தார் குளத்துக்குப் போனார்கள். அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நகராட்சித் தீர்மானத்தைப் பொதுமக்கள் நிறைவேற்றினார்கள் என்று அலுவலக நடையில் எழுதிவிடலாம்.

சற்று நேரத்தில் ஊருக்குள் வதந்தி கிளம்பியது. அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப்போகிறார்களாம். அப்படி யாரும் திட்டமிடவில்லை. ஆனால் தடிகளோடு ஒரு கூட்டம் மாநாட்டுப் பந்தலுக்குள் புகுந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தது. சிலர் முஸ்லிம்களின் வீடுகளில் தஞ்சம் புகுந்தார்கள். திருப்பி அடிக்கத் துடித்தவர்களை அம்பேத்கர் அடக்கினார். வதந்தி பொய்தான், ஆனால் அதைக் கிளப்பியவர்களின் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. தண்ணீர் விஷயம் தண்ணீரோடு நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு குளத்தைச் சுத்தி செய்தார்கள். தயிர், பால், கோமியம், சாணம் நிறைந்த நூற்றெட்டு மண்குடங்களை மந்திரம் ஓதிக் குளத்தில் முக்கினார்கள். அதன்பின் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாயிற்று.

இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எந்த நகராட்சியின் சுகாதார ஆய்வாளரைக் கேட்டாலும், குடிதண்ணீர்க் குளத்தில் சாணக்குடத்தை முக்குவதுதான் அசுத்தம் என்பார். ஆனால் சிரித்துவிட்டுப் போனால் விஷயம் புரியாது. குடத்தை முக்கியவர்கள் கிருமியைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்குக் குளத்தின் அழுக்கு ஒரு பிரச்சினையே அல்ல. அதில் துணி துவைத்தாலும், எருமை புரண்டாலும் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். யார் இறங்கலாம் என்ற ஒழுங்கு கலைந்தது. அந்த ஒழுங்கைத் திரும்ப நிறுத்தவே சடங்கு. அதாவது அந்தச் சடங்கும் ஒருவகைத் தீர்மானம்தான். நகராட்சியின் தீர்மானத்தை ஊர் ரத்து செய்தது; காகிதத்தில் எழுதாமல் குடத்தைக் கொண்டு செய்தது.

சமயத்தின் பெயரால் செய்தார்கள். சமயநூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் சுத்தி பற்றிப் பேசும் இடத்தில், நிலத்தில் தேங்கிய தண்ணீர் ஒரு பசுவின் தாகம் தீர்க்கும் அளவுக்கு இருந்து, நிறம், மணம், சுவை கெடாமல், அசுத்தப் பொருள் கலக்காமல் இருந்தால் அது சுத்தம் என்று விதிக்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஒரு பசுவுக்குப் போதுமான தண்ணீருக்கே இந்தச் சலுகை என்றால், மந்தைகள் குடிக்கிற சவ்தார் குளத்துக்கு எந்தத் தீட்டும் ஒட்டக்கூடாது.

அதைவிட முக்கியமானது குளத்தை அர்ப்பணிக்கும் சடங்கு. குளம், கிணறு, சோலை, கோயில் அமைப்பதைத் தர்மசாஸ்திரங்கள் பூர்த்தம் என்ற அறச்செயல் வகையில் சேர்க்கின்றன. வேள்வி செய்யும் உரிமை இல்லாதவர்களுக்கும் பூர்த்தம் திறந்திருந்தது. குளம் வெட்டியவர் கடைசியில் உத்சர்க்கம் என்ற சடங்கைச் செய்ய வேண்டும். தன் உரிமையைக் கைவிட்டு, அந்தத் தண்ணீரை எல்லா உயிர்களுக்குமாக விட்டுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்தால்தான் புண்ணியம் முழுமை பெறும். உலகின் எந்த நகராட்சிச் சட்டமும் இதைவிட விரிவான பயனாளி வரையறையை எழுதியதில்லை. புழுபூச்சி உட்பட எல்லோரும் அதில் அடக்கம்.

இதை மட்டும் எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, சமயம் தூய்மையானது, ஊர்தான் கெட்டது என்று முடித்துவிடும் பழக்கம் மேடைகளில் உண்டு. அது நேர்மையில்லை. அதே ஸ்மிருதி மரபில், சண்டாளர்களின் கிணற்றில் தண்ணீர் குடித்தவன் என்ன பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் நூல்களும் இருக்கின்றன. எல்லா உயிருக்கும் என்று ஒரு பக்கம், இந்தக் கிணறு அந்தக் கிணறு என்று மறுபக்கம். மரபு இரண்டையும் வைத்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதை நூல் தீர்மானிக்கவில்லை.

யார் தீர்மானித்தார்கள்? இதற்கு ஒரு சான்று அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே, இந்துக்கள் சம்பந்தப்படாத ஓரிடத்தில் கிடைக்கிறது. 1934-இல் அவரும் தோழர்களும் ஔரங்காபாத் அருகே தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். ரம்ஜான் மாதம். கோட்டை வாசலுக்கு வெளியே இருந்த தொட்டியில் பயணப்புழுதி போக முகம், கை, கால் கழுவிக்கொண்டார்கள். உடனே ஒரு கிழவர் ஓடிவந்து, தங்கள் தண்ணீரைத் தீண்டத்தகாதவர்கள் கெடுத்துவிட்டதாகக் கூச்சலிட்டார். அவரோடு வேறு முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டார்கள். இஸ்லாத்தில் பிறப்பால் வரும் தீட்டு கிடையாது. குரானில் இல்லாத ஒன்றை அந்தக் கிழவர் எங்கிருந்து எடுத்தார்? அக்கம்பக்கத்திலிருந்து. அங்கே தண்ணீர் என்றால் அப்படித்தான் என்று அவர் பார்த்து வளர்ந்ததிலிருந்து.

ஆக, தீட்டு நூலில் இருந்ததைக் காட்டிலும் ஊரில் அதிகமாக இருந்தது. எந்தத் துறையில் யார், எந்தக் கிணற்றில் யார், எந்தத் தெருவில் யார் என்ற ஊரேற்பாட்டில் அது குடியிருந்தது. ஊரேற்பாட்டைக் கவனிப்பதுதானே நகராட்சியின் தொழில்? எனவே நகராட்சிக்கு இதில் என்ன தகுதி என்ற கேள்வி தலைகீழாகிவிடுகிறது. தீட்டைப் பற்றி முடிவெடுக்க அதைவிடத் தகுதியான சபை வேறில்லை. ஏனென்றால் தீட்டு எப்போதுமே ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. நகராட்சி வருவதற்கு முன் அந்தக் கூட்டத்தில் யார் உட்காரலாம் என்பது பிறப்பைப் பொறுத்தது. நகராட்சி வந்த பிறகு வேறு வழிகள் திறந்தன. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் சிறிய வித்தியாசமல்ல.

தகுதி இருப்பது ஒன்று, துணிவு இருப்பது இன்னொன்று. 1927 ஆகஸ்டில் மஹாட் நகராட்சி தன் 1924 தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. தீண்டத்தகாதவருக்குக் குளம் திறந்திருக்கிறது என்ற வரியை, யாரும் வராதவரை ஊர் சகித்துக்கொண்டது. வந்து குடித்ததும் அந்த வரி இருக்க முடியாமல் போயிற்று. ஊராட்சி மன்றங்களின் வரலாற்றில் இது மஹாட்டுக்கு மட்டும் உரிய குணமல்ல. நிறைவேற்றப்படாது என்ற நம்பிக்கையிலேயே நிறைவேற்றப்படும் தீர்மானங்கள் எல்லா ஊர்ப் பதிவேடுகளிலும் இருக்கும்.

அம்பேத்கர் டிசம்பரில் திரும்ப வந்தார். இந்த முறை பந்தல் போட ஊரில் யாரும் இடம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். 25-ஆம் தேதி தொடங்கிய அந்த மாநாட்டில் அம்பேத்கர் பேசிய பேச்சு, ஒரு குடிநீர்த் தகராறுக்குப் பொருத்தமில்லாத உயரத்திலிருந்து தொடங்கியது. 1789-இல் வெர்சாய் நகரில் கூடிய பிரெஞ்சு தேசிய சபையோடு இந்தக் கூட்டத்தை அவர் ஒப்பிட்டார். சவ்தார் குளத்துத் தண்ணீரைக் குடித்தால் யாரும் அமரராகிவிடப் போவதில்லை, இதுவரை குடிக்காததால் செத்தும் போகவில்லை. மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் போகிறோம் என்ற பொருளில் விளக்கினார். அதாவது அவரே இதைத் தண்ணீர் வசதிக்கான கோரிக்கையாக வைக்கவில்லை. நகராட்சி ஊருக்கு வெளியே அவர்களுக்கென்று அருமையான ஒரு கிணறு வெட்டிக் கொடுத்திருந்தாலும் கோரிக்கை அப்படியே இருந்திருக்கும். வசதித் திட்டங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாத இடம்.

அன்று மாலை மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் கங்காதர் நீலகண்ட சஹஸ்ரபுத்தே என்ற பிராமணர். பசுவின் தாகம் தீர்க்கும் தண்ணீர் சுத்தம் என்று சொல்லும் சுலோகமும் அந்தத் தீயில்தான் எரிந்திருக்கும். அதைக் காப்பாற்றியிருக்கலாமே என்று யாராவது ஆதங்கப்படலாம். காப்பாற்ற வேண்டியவர்கள் ஒன்பது மாதம் முன்பு, குடங்களைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவதற்கு முன், அந்தச் சுலோகத்தை ஊருக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

குளத்தில் மறுபடி இறங்கும் போராட்டம் மட்டும் அந்த மாநாட்டில் நடக்கவில்லை. குளம் பொதுச்சொத்தே அல்ல, தனியாருடையது என்று சொல்லி மேல்சாதியினர் சிலர் நீதிமன்றம் போய், டிசம்பர் நடுவில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றும், நீதிமன்ற ஆணையை மீறவேண்டாம் என்று அம்பேத்கர் அவர்களைச் சம்மதிக்க வைத்தார். அவர் வழக்கறிஞர்; வழக்காடத் தெரியும். பத்தாண்டு ஆகும் என்று மட்டும் அன்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கீழ்நீதிமன்றம் 1931-இல் அம்பேத்கர் தரப்புக்குத் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்து 1933-இலும் தோற்றது. பிறகு பம்பாய் உயர்நீதிமன்றம். 1937 மார்ச் 17 அன்று நரஹரி தாமோதர் வைத்யா தொடுத்த மேல்முறையீட்டை நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் வாடியாவும் தள்ளுபடி செய்தார்கள். இந்த புரூம்ஃபீல்ட்தான் 1922-இல் அகமதாபாத்தில் காந்திக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தவர்.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அதன் காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கிவைப்பது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஒதுக்கிவைக்கும் உரிமை நினைவுக்கெட்டாத காலமாக இருந்துவரும் வழக்கம் என்று மேல்முறையீட்டாளர்கள் நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான். நாலாபக்கமும் மேல்சாதி வீடுகள் இருக்கும்போது ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே வராமல் இருந்தது இயல்பு; வராமல் இருந்ததாலேயே வரக்கூடாது என்ற சட்ட உரிமை மற்றவர்களுக்குப் பிறந்துவிடாது. ஒருவேளை வழக்கம் நிரூபணமாகியிருந்தால், அது நியாயமற்றதா, பொதுநலனுக்கு விரோதமானதா என்று ஆராய நேர்ந்திருக்கும். இப்போது அதற்குத் தேவை எழவில்லை என்று நீதிபதிகள் நிறுத்திக்கொண்டார்கள். பழமை போதவில்லை என்று தோற்ற வழக்கு அது. இன்னும் இருநூறு ஆண்டுச் சான்று காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி தீர்ப்பின் ஓரத்தில் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

கோயில் வழக்குகளிலிருந்து இந்த வழக்கை நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. கோயில் என்றால், அது ஒரு குறிப்பிட்ட பிரிவினருக்காகவே அர்ப்பணிக்கப்பட்டிருக்கலாம் என்று நெடுநாள் வழக்கத்தை வைத்து ஊகிக்க இடமுண்டு; திறந்தவெளிக் குளத்துக்கு அப்படி ஊகிக்க முடியாது என்றது. நீதிமன்றத்தில் இந்தக் கோடு உதவியது. ஊரில் அந்தக் கோடு எங்கே இருந்தது? குளத்தில் இறங்கினால் கோயிலுக்கு வருவார்கள் என்று மஹாட் பயந்தது. மஹாட் தீர்மானம் போட்ட அதே 1924-இல், திருவிதாங்கூரின் வைக்கத்தில் தகராறு கோயிலைப் பற்றியதுகூட இல்லை. கோயிலைச் சுற்றியிருந்த சாலையில் நடப்பதைப் பற்றியது. ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்து குடிநீர்த் திட்டம் வரை பார்த்த பெரியார், அந்தச் சாலைக்காகத்தான் வைக்கம் போய்ச் சிறை சென்றார். சாலை, தண்ணீர், விளக்கு எல்லாம் உலகியல், கோயில் மட்டும் சமயம் என்ற பாகுபாடு சட்டப்புத்தகத்தில் நன்றாக இருக்கிறது. ஒதுக்கியவர்களும் சரி, ஒதுக்கப்பட்டவர்களும் சரி, அதை ஒருநாளும் நம்பியதாகத் தெரியவில்லை.

நீதிமன்றம் தொங்கவிட்ட கேள்வியை வேறோர் இடத்தில் அம்பேத்கரே முடித்தார். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றை மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது. முழுவதுமோ ஒரு பகுதியோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுபவை, அல்லது பொதுமக்களின் பயன்பாட்டுக்காக அர்ப்பணிக்கப்பட்டவை என்று இரண்டு வகையையும் அது சேர்த்துக்கொள்கிறது. முதல் வகை போலேயின் தீர்மானத்திலேயே இருந்தது. இரண்டாவது வகையைப் படிக்கும்போது குளக்கரையில் நின்று உரிமையைக் கைவிட்ட பழைய அறவோர்களின் நினைவு வருகிறது. அவர்கள் எல்லா உயிருக்கும் என்று விட்டுக்கொடுத்ததை, நடுவில் வந்தவர்கள் சுருக்கியதை, சட்டம் வார்த்தையளவில் மீட்டுவிட்டது. எத்தனை நூற்றாண்டுப் பழக்கம் இருந்தாலும் இனி பேச்சில்லை.

ஆனால் அதற்குள் தண்ணீர் குளத்தை விட்டுக் குழாய்க்குப் போய்விட்டிருந்தது.

குழாய் வந்த புதிதில் அதற்கும் சமயச் சிக்கல் உண்டு. உள்ளே தோல் வாசர் இருக்கிறது என்பதற்காகவே, மடி பார்க்கும் வீடுகளில் குழாய்த் தண்ணீரைச் சுவாமி நைவேத்தியத்துக்கு எடுக்காமல் கிணற்றில் இறைத்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. காலப்போக்கில் ரப்பர் வந்தது, கிணறு வற்றியது, பிரச்சினை தீர்ந்தது. சாதிச் சிக்கல் அவ்வளவு லேசில் தீரவில்லை. அம்பேத்கர் சிறுவனாக சதாராவில் படித்தபோது பள்ளிக்குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். குழாய் தெருவுக்கு வந்தபோது தெருக்குழாயடியில் குடங்களின் வரிசையும் அதற்குள் ஒரு ஒழுங்கும் வந்தன.

பிறகு வீட்டுக்கு வீடு இணைப்பு. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. பெண்கள் குடத்தோடு நடக்கும் தூரத்தை மிச்சப்படுத்தும் எந்தத் திட்டத்தையும் குறைசொல்ல மனம் வராது. ஆனாலும் இதில் நடந்த ஒன்றைக் கவனிக்கலாம். யார் எந்தத் துறையில் இறங்குவது என்ற சண்டைக்குத் தீர்ப்பு வரவில்லை. துறையே இல்லாமல் போயிற்று. அவரவர் வீட்டில் அவரவர் குழாய். சேர்ந்து நிற்க ஓரிடம் இருந்தால்தானே விலக்கிவைக்க முடியும்?

அப்படியும் ஓரிடம் மிஞ்சியது: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது. யார் செய்தது என்பது வழக்கின் விஷயம். அதற்கு முந்தைய கேள்வி, அந்தக் குடியிருப்புக்கு ஏன் தனித்தொட்டி என்பது. தண்ணீரைப் பற்றி விசாரிக்கப்போன மாவட்ட ஆட்சியர் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார். பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்கள் போக முடியாததையும் கண்டு, அவர்களை அன்றே உள்ளே அழைத்துச் சென்றார். மஹாட்டில் வதந்தியாகக் கிளம்பியது வேங்கைவயலில் நேராகவே நடந்தது. இங்கும் தண்ணீர் விசாரணை கோயில் வாசலில் போய் முடிந்தது.

தனித்தொட்டி என்ற ஏற்பாட்டுக்கு மஹாட் வைதீகர்கள் நன்றி சொல்லியிருப்பார்கள். நூற்றெட்டுக் குடம் தேவையில்லை, வழக்குத் தேவையில்லை, தீர்மானத்தை ரத்து செய்யும் அவமானமும் இல்லை. எஸ்டிமேட்டில் இரண்டு தொட்டி என்று போட்டு, இரண்டு மயானம் என்று போட்டு, இரண்டு அங்கன்வாடி என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பொறியாளர் தொலைவைக் காரணம் காட்டுவார். சில ஊர்களில் அது உண்மையாகவும் இருக்கும். மன்ற உறுப்பினர் எல்லோருக்கும் வசதி செய்துகொடுத்ததாகச் சொல்வார், அதுவும் உண்மை. 15(2) பிரிவு எங்கேயும் மீறப்படவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. கோப்பில் சாதி என்ற சொல்லே இருக்காது. ஆனால் இரண்டாவது தொட்டிக்கு ஆகும் சிமெண்டிலும் கம்பியிலும் இருப்பது பழைய சமயக்கேள்விக்கான விடைதான், ஆண்டுதோறும் தணிக்கையும் முடிந்து.

ஓர் ஊர்மன்றம் இதை மாற்ற நினைத்தால் முடியும். ஊருக்கும் குடியிருப்புக்கும் ஒரே தொட்டி, ஒரே பிரதான குழாய் என்று தீர்மானம் போடுவதற்கு எந்த ஆகமமும் ஸ்மிருதியும் குறுக்கே நிற்கவில்லை. செலவும் குறையும். சாதிவாரியாகப் பிரிந்துகிடக்கும் ஊரில் குடியிருப்பு பெரும்பாலும் குழாயின் கடைசியில் இருக்கும். மணிக்கணக்கு வைத்துத் தண்ணீர் விடும்போது கடைசித் தெருவுக்கு வேகம் குறையும். ஆகவே தொட்டி ஒன்றானதும், வால்வைத் திருகுகிறவர் எந்தத் தெருவை முதலில் திறப்பது, எத்தனை நிமிடம் விடுவது என்பதை அதே மன்றம் அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்க வேண்டியிருக்கும்.